பிரிட்ஜ் பாஸ் ஒருவர் பெயர் எடுத்த கதை



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும் நேரத்தில் வாசியுங்கள்.

பரீட்சைப் பெறுபேறு வந்த பிறகு இரண்டு மூன்று கிழமைக்கு, படிப்பித்த பிள்ளைகள் சிலர் வீட்டுக்கு வருவது வழக்கம். முன்பெல்லாம் "சேர், என்ன கோர்ஸ் செய்யலாம்?" என்றுதான் கேட்பார்கள். இப்போது இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. "சேர், பேர்சனல் பிராண்ட் ஒண்டு பில்ட் பண்ணணும். எங்க இருந்து தொடங்குற?" கேக் செய்யும் பிள்ளை, அபாயா தைக்கும் பிள்ளை, கல்யாண வீட்டு வீடியோ எடிட் பண்ணும் பையன், எல்லாரும் இதையே கேட்கிறார்கள். சிலர் சல்லி கட்டி ஸூம் வகுப்பும் முடித்துவிட்டு வருகிறார்கள். லோகோ இருக்கிறது, நிறம் தெரிவு செய்தாயிற்று, பேஜ் திறந்து மச்சான்மாரிடம் லைக்கும் வாங்கியாயிற்று. என்ன விற்கப் போகிறாய் மகள் என்று கேட்டால், "அது இனித்தான் சேர்" என்று பதில் வருகிறது.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எனக்குக் கிட்ட இருந்து பார்க்கக் கிடைத்த ஒரு ஆளின் கதையை இங்கே எழுதுகிறேன். அவருடைய அனுமதி இருக்கிறது. பெயர் போட வேண்டாம் என்றார். "போட்டா சேர்ட விளம்பரம் எண்டு சொல்லுவாங்க" என்பது அவருடைய கவலை. ஊரில் பாதிப் பேருக்கு ஆளைத் தெரிந்துவிடும், அது வேறு கதை.

என்னிடம் பத்தாம், பதினோராம் ஆண்டில் விஞ்ஞானம் படித்தவர். கணிதம் சித்தியடையவில்லை. வாப்பா மௌத்தான பிறகு கட்டாருக்குப் போய் ஆறு வருடம் ஏசி பராமரிப்பு வேலை. உலகக் கிண்ணத்துக்கான கட்டட வேலைகள் முடிந்துகொண்டு வந்த நேரம் ஒப்பந்தமும் முடிய, 2022 மே மாதம் ஊருக்கு வந்தார். அந்த மே மாதம் எப்படி இருந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதற்கு இரண்டு மாதம் முன்னர்தான் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோம். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் 360ஐத் தொட்டிருந்தது. ஆட்கள் நாட்டை விட்டுப் போகத் துடித்த நேரத்தில் இவர் வந்து இறங்கினார். கையில் ஒரு கேஜ் செட், ஒரு வெக்கியூம் பம்ப், உம்மா சீட்டுப் பிடித்துச் சேர்த்த கொஞ்சச் சல்லி. தங்கச்சிக்குக் கல்யாணம் பேசியிருந்தது. இந்த வேலை சரிவரவில்லை என்றால் அந்தக் கல்யாணமும் தள்ளிப் போகும்.

'ஸ்க்ரட்சில் இருந்து தொடங்குவது' என்று ஸூம் வகுப்பில் சொல்கிறார்களே, நம்முடைய ஊரில் அப்படி ஒன்று இல்லை. கொழும்பில் ஒரு ஆள் பேஜ் திறந்தால் அவரை யாருக்கும் தெரியாது, அவர் சொல்வதுதான் அவர். இங்கே நீங்கள் இன்னாருடைய மகன், இன்னாருடைய மருமகன், எட்டாம் ஆண்டில் மதில் பாய்ந்து பிடிபட்ட ஆள். அவரே ஒரு நாள் சொன்னார்: "சேர், என்னத் தெரியாத ஆள் ஊர்ல யாரு? தெரிஞ்சதுதான் பிரச்சினை."

தொழிலுக்கும் ஏற்கனவே ஒரு கெட்ட பெயர் இருந்தது. பிரிட்ஜ் குளிரவில்லை என்று பாஸைக் கூப்பிட்டால், வந்து ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு "கேஸ் முடிஞ்சிட்டு" என்பார். கேஸ் அடிப்பார், காசு வாங்குவார். இரண்டு மாதத்தில் திரும்பவும் கேஸ் முடிந்துவிடும். நம்முடைய உம்மாமாருக்கு இது சமையல் கேஸ் சிலிண்டர் போலத்தான் விளங்கியிருக்கிறது. பிரிட்ஜுக்குள் இருக்கும் கேஸ் எரிந்து முடிகிற சாமான் இல்லை. அடைத்த குழாய்க்குள் அது சுற்றிச் சுற்றி ஓடுகிறது, ஒரு இடத்தில் ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சி, இன்னொரு இடத்தில் திரவமாகி வெப்பத்தை வெளியே விடுகிறது. குழாய் ஓட்டை விழாமல் இருந்தால் இருபது வருடம் போனாலும் அதே கேஸ்தான். குறைந்திருக்கிறது என்றால் எங்கேயோ கசிகிறது. கசிவைத் தேடி அடைக்காமல் கேஸ் மட்டும் அடிப்பது, ஓட்டை வாளிக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை. வகுப்பில் ஆவியாதலின் மறைவெப்பம் படிப்பிக்கும்போது நான் இந்த உதாரணத்தைச் சொல்வேன். அதைத்தான் அவர் பிறகு தன்னுடைய வீடியோவில் சொன்னார். என்னை விட நன்றாகச் சொன்னார்.

அவர் செய்த முதல் வேலை, பிரிட்ஜும் டீப் பிரீசரும் மட்டும் என்று முடிவெடுத்தது. ஏசி தெரியும், வோஷிங் மெஷினும் தெரியும், எடுக்கவில்லை. 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் கூட்டினார்கள், பிறகு 2023 பெப்ரவரியில் இன்னொரு 66 வீதம். ஏசி வைத்திருந்த ஒன்றிரண்டு வீடுகளும் சுவிட்சை அணைத்துவிட்டன. பிரிட்ஜை யாரும் அணைக்கவில்லை. "எல்லாம் செய்வான் எண்டு சொன்னா ஒருத்தருக்கும் ஞாபகம் வராது சேர். பிரிட்ஜ் எண்டு சொன்ன உடனே என்ட பேர் வந்தாப் போதும்" என்றார். பிராண்ட் பற்றி அவர் சொன்ன ஒரே தத்துவம் இதுதான், அதுவும் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு சொன்னது. அந்த நாட்களில் மோட்டார் சைக்கிளுக்குக் கியூஆர் காட்டினால் கிழமைக்கு 4 லீற்றர்தான். அதனால் சாமான் பையைக் கெரியரில் கட்டிக்கொண்டு சைக்கிளில்தான் போனார்.

பேஜ் அப்போது இல்லை. ஒரு சீஆர் கொப்பி இருந்தது. யாருடைய வீடு, என்ன பிரிட்ஜ், என்ன பிழை, என்ன மாற்றினார், எவ்வளவு எடுத்தார் என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி. ஒரு மாதம் கழித்துத் தானாகவே கோல் எடுத்து "இப்ப எப்படி ஓடுது?" என்று கேட்டு அதையும் எழுதுவார். அடுத்தது ஸ்டிக்கர். கல்முனையில் ஒரு அச்சகத்தில் நூறு ஸ்டிக்கர் அடித்தார். வேலை முடிந்ததும் பிரிட்ஜின் பின்பக்கம், கொம்பிரசருக்கு மேலே, திகதியும் செய்த வேலையும் தன்னுடைய நம்பரும் எழுதி ஒட்டிவிடுவார். இன்னொரு பாஸ் வந்து திறந்து பார்த்தால் இவர் செய்ததா செய்யாததா என்று அதிலேயே தெரியும். கேஸ் அடித்திருந்தால் எத்தனை கிராம் என்றும் இருக்கும். புதுப் பிரிட்ஜுகளில் வரும் ஆர் 600ஏ கேஸ் தீப்பற்றக்கூடியது, சில பத்துக் கிராம்தான் போகும், தராசில் நிறுத்து அடிக்க வேண்டிய சாமான். அதைக் கண்மட்டத்துக்கு அடிப்பவர்கள் இருக்கிறார்கள், கவனம்.

காசு விஷயம்தான் வீட்டுக்குள் சண்டையைக் கொண்டுவந்தது. "மாமிட பிரிட்ஜுக்கும் சல்லியா?" நம்மட ஆட்களுக்கு இது பெரிய பிரச்சினை. இவர் ஒரு கணக்கு வைத்தார். இயலாத ஆளென்றால் ஒரு சதமும் எடுப்பதில்லை. எடுப்பதென்றால் எல்லாருக்கும் ஒரே காசு, மாமி என்றாலும் மௌலவி என்றாலும். வந்து பார்க்கும் கூலி 750 ரூபாய் என்று எழுதியே போட்டார். சொந்தத்துக்குள் இரண்டு வீட்டார் கொஞ்ச நாள் கதைக்கவில்லை.

இன்னொரு வழக்கமும் வைத்திருந்தார், அது அவர் விளம்பரத்துக்காக யோசித்துச் செய்தது இல்லை. பிரிட்ஜ் இருப்பது குசினியில். பகலில் வீட்டில் பெண்கள் மட்டும்தான். கோல் வந்தால் முதலில் கேட்பது, "ஆம்பிள ஆள் வீட்டில் இருக்கிற நேரம் எது ராத்தா?" அஸருக்குப் பிறகா, மஃரிபுக்குப் பிறகா, அந்த நேரம் போவார். கணவர் வெளிநாட்டில் இருக்கும் வீடென்றால் தன்னுடைய உம்மாவைக் கூட்டிக்கொண்டு போவார். உம்மா அந்த வீட்டு ஆட்களோடு கதைத்துக்கொண்டு இருப்பார், இவர் வேலையைப் பார்ப்பார். ஆறு மாதத்துக்குள் பெண்களின் வட்ஸ்அப் குரூப்களில் இவர் நம்பர் சுற்றியதற்குக் காரணம் இதுதான் என்று என் மனைவி சொல்கிறா. அந்தக் குரூப்களில் என்ன நடக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

பேஜ் 2022 கடைசியில்தான் வந்தது. முதல் நாலைந்து வீடியோவுக்கு நாற்பது ஐம்பது பேர். பிறகு மின்பில் கூடிய நேரம் ஒன்று போட்டார். ஒரு கடதாசித் துண்டைப் பிரிட்ஜ் கதவில் வைத்து மூடி இழுக்கிறார். இறுக்கமாக நின்றால் கதவு ரப்பர் நல்லது. லேசாக உருவி வந்தால் அந்த வழியால் குளிர் வெளியே போகிறது, கொம்பிரசர் ஓய்வில்லாமல் ஓடுகிறது, பில் ஏறுகிறது. ரப்பரை இளஞ்சூட்டுச் சவர்க்காரத் தண்ணீரில் துடைத்துப் பாருங்கள், பாதிப் பேருக்கு அதோடு சரிவரும், என்னைக் கூப்பிடத் தேவையில்லை என்று முடிகிறது. முகம் இல்லை, பாட்டு இல்லை, இரண்டு கையும் குரலும் மட்டும். அது ஊர் தாண்டிப் போனது. பின்பக்கக் கம்பிக் கூட்டில் தூசு தட்டுவது, கடற்கரைப் பக்க வீடுகளில் உப்புக் காற்றால் குழாய் அரிப்பது எல்லாம் பிறகு வந்தவை. வாடிக்கையாளர் வீட்டுக்குள் ஒரு படமும் எடுப்பதில்லை. பழுதான பழைய பிரிட்ஜ் ஒன்றை வாங்கி முற்றத்தில் வைத்து அதில்தான் காட்டுவார். எழுத்துப் பிழை பார்க்க மட்டும் எனக்கு அனுப்புவார். "இலவசமாச் சொல்லிக் குடுத்தா யாரும் கூப்பிடமாட்டாங்களே" என்று அவருடைய மச்சான் சண்டை பிடித்தது எனக்குத் தெரியும். கோல் கூடித்தான் போனது.

இனி இந்தப் பதிவை நான் எழுதியதற்கான காரணத்துக்கு வருகிறேன்.

2023 ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் கிழமை. ஐஸ் பக்கட் விற்று மூன்று பிள்ளைகளைப் படிப்பிக்கும் ஒரு ராத்தாவின் டீப் பிரீசர் நின்றுவிட்டது. அந்தப் பிரீசர்தான் அந்த வீட்டின் சம்பளம். இவர் போய்ப் பார்த்தார், ரிலே எரிந்திருந்தது, மாற்றினார், ஓடியது. பெருநாள் அவசரம், அன்றைக்கு இன்னும் ஐந்து வீடு இருந்தது, ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு வந்துவிட்டார். பெருநாளைக்கு அயல் வீட்டார் ஏழு பேர் குர்பான் இறைச்சியை அந்தப் பிரீசரில் கொண்டுவந்து வைத்தார்கள். அடுத்த நாள் இரவு பிரீசர் நின்றது. விடிந்து பார்த்தால் வாசல் வரை நாற்றம்.

அந்த ராத்தாவின் தங்கச்சி மகன் படம் எடுத்து ஊர் குரூப்பில் போட்டுவிட்டான், ஸ்டிக்கரில் இருந்த நம்பர் தெளிவாகத் தெரிய. அதற்குக் கீழே எழுதியவற்றை இங்கே எழுத ஏலாது. ஹறாம் காசு தின்பவன் என்றும் எழுதினார்கள். அன்றைக்கு லுஹருக்கு இவர் பள்ளிக்குப் போகவில்லை, தெருவில் முகம் கொடுக்க ஏலாமல். தங்கச்சியின் மாப்பிள்ளை வீட்டார் கோல் எடுத்து விசாரித்துவிட்டார்கள்.

எல்லாரும் புத்தி சொன்னார்கள். பேஜைக் கொஞ்ச நாள் மூடு என்றார் ஒருவர். இரவில் இரண்டு தரம் கரண்ட் போய் வந்தது, அதைச் சொல் என்றார் இன்னொருவர். கரண்ட் போய் வந்தது உண்மைதான். எந்த நீதிமன்றத்திலும் நிற்கக்கூடிய சாட்டு.

அஸருக்குப் பிறகு என் வீட்டுக்கு வந்தார். என்ன நடந்தது மகன் என்று கேட்டேன். "ரிலே சும்மா எரியாது சேர். கொம்பிரசர் கூடுதலாக் கரண்ட் இழுத்தாத்தான் எரியும். மாத்தின பிறகு கிளாம்ப் மீற்றரப் போட்டுப் பார்க்கணும். ரெண்டு நிமிஷ வேலை. நான் பார்க்கல்ல" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

நாங்கள் எல்லாரும் ஜும்ஆவில் எத்தனையோ தரம் கேட்ட ஹதீஸ் ஒன்றைத்தான் நான் அவருக்கு ஞாபகப்படுத்தினேன். சந்தையில் தானியக் குவியல் ஒன்றுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விடுகிறார்கள், விரலில் ஈரம். மழையில் நனைந்தது என்று வியாபாரி சொல்கிறார். ஆட்கள் பார்க்கும்படி அந்த நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்கிறார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வருவது. அந்த வியாபாரி பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள், மழையும் உண்மைதான். ஈரம் அடியில் இருந்ததுதான் பிரச்சினை.

அன்றிரவே ஒரு வீடியோ போட்டார். என்னிடம் எழுதி வாங்கவில்லை. ரிலே மாற்றினேன், கரண்ட் இழுவை அளந்து பார்க்கவில்லை, அது என் பிழை, மின்தடை காரணமில்லை, ராத்தாவுக்கு என் செலவில் கொம்பிரசர் மாற்றிக் கொடுக்கிறேன், இறைச்சி வைத்த ஏழு வீட்டாரும் எவ்வளவு என்று சொல்லுங்கள், இவ்வளவுதான். ஒரு நிமிஷம் கூட வராது. ரிலேக்கு எடுத்த காசைத் திருப்பிக் கொடுத்தார். ஏழு வீட்டில் ஐந்து வீட்டார் ஒன்றும் வேண்டாம் என்றார்கள், இரண்டு வீட்டார் வாங்கினார்கள், வாங்கியதில் ஒரு பிழையும் இல்லை. கொம்பிரசருக்கு வெக்கியூம் பம்பை இன்னொரு பாஸிடம் அடகு வைத்தார். பிறகு ஒரு மாதம் வாடகைப் பம்பில்தான் வேலை. ராத்தாவின் ஐஸ் பக்கட் வியாபாரம் ஐந்து நாள் நின்றது, அந்த ஐந்து நாள் வருமானத்தையும் கேட்டுக் கணக்குப் பார்த்துக் கொடுத்தார். அவ வாங்க மறுத்து, கடைசியில் உம்மா போய்ப் பேசி வாங்க வைத்தா.

உடனே எல்லாரும் கைதட்டி ஏற்றுக்கொண்டார்கள் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. மூன்று கிழமை கோல் ஒன்றிரண்டுதான். இன்றைக்கும் அவரைக் கூப்பிடாத குடும்பங்கள் இருக்கின்றன. எந்த வீடியோ போட்டாலும் கீழே வந்து "இறைச்சி எப்படி?" என்று எழுதும் ஒரு சகோதரரும் இருக்கிறார், அவரை இவர் புளொக் பண்ணவில்லை. முதல் கோல்கள் வந்தது பக்கத்து ஊர்களில் இருந்து. "நீங்கதானே அந்தப் பிழையச் சொன்ன ஆள்?" என்று கேட்டுக் கூப்பிட்டிருக்கிறார்கள். தங்கச்சியின் கல்யாணம் நாலு மாதம் தள்ளிப் போய் நடந்தது, அல்ஹம்துலில்லாஹ். அந்த வீடியோ இன்றைக்கும் பேஜின் மேலே பின் பண்ணிக் கிடக்கிறது. புதிதாக வரும் ஆள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

கேக், அபாயா பிள்ளைகளே, உங்களுக்கும் இதில் விஷயம் இருக்கிறது. இன்டர்நெட்டில் எடுத்த படத்தைப் போட்டு ஓடர் எடுக்காதீர்கள். அந்தத் துணி ஒரு தரம் கழுவினால் கொஞ்சம் நிறம் போகும் என்றால் அதை விலைக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். பெருநாளைக்கு இருபது உடுப்புத்தான் தைக்க ஏலும் என்றால் இருபத்தோராவது ஆளிடம் இல்லை என்று சொல்லுங்கள், பெருநாள் இரவில் அழவைக்காதீர்கள்.

பதிவு விஷயமும் சுருக்கமாகச் சொல்கிறேன். சொந்தப் பெயர் அல்லாத ஒரு பெயரில் வியாபாரம் செய்தால் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிய வேண்டும். அது அந்தப் பெயரை உங்கள் சொத்தாக்காது. சொத்தாக்க வேண்டுமென்றால் கொழும்பில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டப்படி வியாபாரக் குறியாகப் பதிய வேண்டும், 10 வருடத்துக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். தொடக்கத்திலேயே அதற்குச் செலவழிக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. தொழில் தெரிந்தும் சான்றிதழ் இல்லாதவர்கள் என்.வி.கியூ. முன்கற்றல் அங்கீகாரத்துக்கு விண்ணப்பியுங்கள். அனுபவத்தைப் பரீட்சித்துத் தகைமை தருவார்கள், திரும்ப வகுப்பில் இருக்கத் தேவையில்லை. நம்முடைய பாஸ் அப்படித்தான் எடுத்தார். சாதாரண தரத்தில் கணிதம் போன ஆள் அந்தச் சான்றிதழைக் கொண்டுவந்து எனக்குக் காட்டிய நாள் எனக்கு நல்ல நாள்.

இப்போது அவருக்கு ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் கோல். நாலுதான் ஒழுங்காகச் செய்ய ஏலும். போன வருடம் டெங்கு வந்து இரண்டு கிழமை படுத்தபோது எல்லாம் நின்றது. பெயர் அவருடையது, வேலை செய்யும் கையும் அவருடையது, கை படுத்தால் பெயரும் படுக்கிறது. தனி ஆளாகப் பெயர் எடுப்பதில் இது ஒரு கஷ்டம், ஸூம் வகுப்பில் இதைச் சொல்கிறார்களா தெரியாது. அதனால் இப்போது ஒரு பையனைச் சேர்த்திருக்கிறார், அவனும் என் மாணவன்தான். நன்றாகச் செய்கிறான். பிரச்சினை என்னவென்றால், பையன் தனியாகப் போய்ச் செய்யும் வேலைக்கு யாருடைய ஸ்டிக்கர் ஒட்டுவது? இவருடையதை ஒட்டினால் அவன் விடும் பிழை இவர் தலையில். ஒட்டாவிட்டால் வீட்டார் நம்பமாட்டார்கள், அவனுக்கும் பெயர் வராது. போன வியாழன் மஃரிபுக்குப் பிறகு இதைப் பற்றி என் வீட்டில் இருந்து இரண்டு மணித்தியாலம் கதைத்தோம். கடைசியில் ஸ்டிக்கரில் 'செய்தவர்', 'அளந்து பார்த்தவர்' என்று இரண்டு கோடு போட்டுப் புதிதாக அடிக்கக் கொடுத்திருக்கிறார். முதலாவது கோட்டில் பையனின் பெயர். இரண்டாவதில் அவர் போய் மீற்றர் வைத்துப் பார்த்த பிறகுதான் தன் பெயரை எழுதுவாராம்.